மேலே இரண்டாயிரம்

கறம்பக்குடி
3 ஜூலை 2025

இளவேனியின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். கேட்டால் நீங்கள் பதில் எழுதுவீர்கள், அதையும் உட்கார்ந்து நான் படிக்க வேண்டும். அதனால் கேட்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னதை மறுநாள் "நான் எப்ப சொன்னேன்?" என்கிறீர்கள். எனக்கும் குரல் ஏறிவிடுகிறது. போன தடவை நாம் போட்ட சத்தத்தில் நிலவழகன் கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான். எட்டு வயதுப் பிள்ளை. அன்றைக்கே உங்கள் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் திறந்துவிடுவேன். அவர்களோடு பேசுங்கள். எனக்குச் சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்கள். எழுதியதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

இப்போது விஷயம். ஆடி பிறக்க இன்னும் இரண்டு வாரம். ஒன்பது மொய் விருந்துக்குப் பத்திரிகை வந்திருக்கிறது. கஜா புயலுக்கு அடுத்த ஆடியில் நாம் விருந்து வைத்தபோது இந்த ஒன்பது பேரும் நமக்கு எழுதியது முப்பத்துநாலாயிரம். அன்றைக்கு வசூலான மூன்று லட்சத்துச் சொச்சத்தைப் போட்டு நீங்கள் லோடு ஆட்டோ எடுத்தீர்கள். வேண்டாம் என்றேன், "ஒனக்கு என்ன தெரியும்?" என்றீர்கள். ஆட்டோ போய் நாலு வருடம் ஆகிறது. மொய் மட்டும் நோட்டில் அப்படியே இருக்கிறது.

முப்பத்துநாலில் உங்கள் அண்ணன் தங்கமுத்து எழுதியது பத்தாயிரம். மற்ற எட்டுப் பேருக்கும் சேர்த்து இருபத்துநாலு. மாதம் இரண்டாயிரமாக எடுத்துவைத்து அந்த இருபத்துநாலைச் சேர்த்துவிட்டேன். எப்படிச் சேர்த்தேன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் அனுப்பும் பத்தாயிரம், ஜவுளிக்கடையில் பில் போட்டு நான் கொண்டுவரும் எட்டாயிரத்து ஐந்நூறு. இதில் அரிசி, பால், கேஸ், ஸ்கூல் வேன், மகளிர் குழுத் தவணை எல்லாம் போக, எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்து ஒன்றரை வருடம் ஆகிறது.

அந்த எட்டுப் பேருக்கும் வாங்கியதை மட்டும் திருப்பி எழுதி முடித்துக்கொள்ளப் போகிறேன். மேலே போட்டு எழுதி, அவர்கள் திரும்ப நமக்கு எழுதி, இன்னொரு ஐந்து வருடம் இந்த வண்டியை இழுக்க என்னால் முடியாது. உங்கள் அண்ணனுக்கு என்ன செய்வது என்பதை நீங்கள் சொல்லுங்கள். பணத்தையும் நீங்களே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அமுதவல்லி


திருப்பூர்
8 ஜூலை 2025

அமுதவல்லிக்கு,

உன் கடிதத்தை ரூமில் நாலு பேர் இருக்கும்போது பிரித்தேன். முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு "கோர்ட் நோட்டீஸா அண்ணே?" என்று கேட்டான் கண்ணன். நம் ஊர்ப் பையன், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.

எட்டு வீட்டோடு முடித்துக்கொள்கிறாயா? அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு இனி எந்த முகத்தோடு போய் நிற்பது? நீ ஊரில் இருக்கிறாய், உனக்கே கூச்சமில்லை என்றால் திருப்பூரில் இருக்கிற எனக்கு என்ன? செய். ஆனால் அண்ணன் விஷயத்தில் உன் கணக்குப் புத்தியைக் காட்டாதே. அவர் எழுதிய பத்தாயிரத்துக்கு மேலே இரண்டாயிரமாவது போட வேண்டும். வாங்கியதை மட்டும் எழுதினால், தம்பி அண்ணனோடு முடித்துக்கொண்டான் என்று அந்தப் பந்தலிலேயே பேசுவார்கள். நான் உயிரோடு இருக்கும்வரை அது நடக்கக் கூடாது. அப்பா செத்த பிறகு என்னைப் படிக்கவைத்தது அவர். உனக்குத் தாலி எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பன்னிரண்டாயிரத்தை உன் கணக்கில் போட்டிருக்கிறேன். இது மாதப் பணம் இல்லை. தனியாகக் கவரில் போட்டு வை. கம்பெனியில் சரக்கு ஏற்றி அனுப்பும் ஷிப்மெண்ட் நேரம், எனக்கு லீவு கிடையாது.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நிலவழகனிடம், "அப்பா வரும்போது என்னடா வாங்கிட்டு வரணும்?" என்று ஆசையாகக் கேட்டேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "ஒங்க ரூம்ல எத்தன யூனிட் ஓடுது, கரண்ட் பில்ல எப்படிப்பா பிரிக்கிறீங்க?" என்கிறான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ரூமே சிரித்தது. பங்குனித் திருவிழாவில் இளவேனிக்குப் பஞ்சு மிட்டாய் வாங்கக் கையை நீட்டினால், "இருபது ரூவாயாப்பா? வேணாம்" என்று என் கையைப் பிடித்து இழுக்கிறாள். இதெல்லாம் பிள்ளைகளா? நீ இரண்டு கணக்குப்பிள்ளைகளை வளர்த்து வைத்திருக்கிறாய்.

அதே திருவிழாவில் நான் கொடுத்த பத்தாயிரத்தை அண்ணன் முன்னால் ஒரு தரம் இல்லை, இரண்டு தரம் எண்ணினாய். அதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

அறிவுச்செல்வன்


கறம்பக்குடி
13 ஜூலை 2025

இளவேனியின் அப்பாவுக்கு,

பன்னிரண்டாயிரம் வந்தது. எடுத்துக் கவரில் போட்டு ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.

எண்ணினேன், ஆமாம். அதற்கு முந்தைய மாதம் பத்தாயிரம் என்று சொல்லி எட்டாயிரத்து இருநூறு அனுப்பியது யார்? கேட்டதற்கு "பேங்க்ல பிடிச்சிருப்பான்" என்றீர்கள். எந்த பேங்கில் ஆயிரத்து எண்ணூறு பிடிக்கிறார்கள்? அந்த மாதம் வேன்காரர் இளவேனியை ஏற்ற மாட்டேன் என்று சொல்லி, அவள் மூன்று நாள் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனாள். இரண்டு தரம் இல்லை, இன்னொரு தரமும் எண்ணியிருப்பேன்.

பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஐந்தாம் தேதி வந்தால் வீட்டுப் பணம் முழுவதையும் தரையில் வைத்து, நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்துதான் டப்பாக்களில் பிரித்துப் போடுகிறோம். எவ்வளவு வருகிறது, எங்கே போகிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நிலவழகனுக்கு மீட்டர் வேலை. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டைத் தாண்டாவிட்டால் பில் கிடையாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் அண்ணன் வந்து உட்கார்ந்திருந்தபோது அவர் தலைக்கு மேல் ஓடிய ஃபேனை நிறுத்திவிட்டான். அது தப்புத்தான், திட்டினேன். ஆனால் பில் வரவில்லை.

இளவேனிக்குச் சந்தை. ஒவ்வொரு சந்தை நாளும் முந்நூற்றைம்பது ரூபாய் கொடுப்பேன். வாரத்துக்கான காய்கறி அவள் பொறுப்பு, மிச்சம் பிடித்தால் அவளுடையது. முதல் தடவை மலிவாக இருக்கிறதென்று நாலு கிலோ கத்தரிக்காயை வாங்கிவந்துவிட்டாள். ஏழு நாளும் கத்தரிக்காய்தான் சாப்பிட்டோம். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளே கற்றுக்கொண்டாள். இப்போது சந்தை கலையும் நேரம் பார்த்துப் போய், தக்காளிக்காரரிடம் பேசிப் பாதி விலைக்கு வாங்குகிறாள். இரண்டு வருடத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். அதில் எவ்வளவு இருக்கிறதென்று நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அது அவள் பணம்.

உங்களுக்கு யாராவது இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் எனக்கு இந்தக் கடிதம் எழுதும் வேலை வந்திருக்காது.

27ஆம் தேதி உங்கள் அண்ணன் வீட்டு விருந்து. ஞாயிற்றுக்கிழமை. கடையில் ஆடித் தள்ளுபடி ஓடுகிறது. லீவு கேட்டால் நாளையிலிருந்து வராதே என்பார் முதலாளி. அதனால் இளவேனியிடம் கவரைக் கொடுத்து, தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் எழுதிவிட்டு வரச் சொல்லப் போகிறேன். பதின்மூன்று வயது முடியப் போகிறது. அதற்கு முன்னால் வரும் இரண்டு விருந்துக்கு என்னோடு அழைத்துப் போய் எப்படி எழுதுவது என்று காட்டிவிடுகிறேன். அவள் எண்ணியதை நான் மறுபடி எண்ணுவதில்லை. இந்தக் குடும்பத்தில் நான் அப்படி நம்புகிற ஆள் அவள் ஒருத்திதான்.

அமுதவல்லி


திருப்பூர்
30 ஜூலை 2025

அமுதவல்லி,

திருப்தியா?

அண்ணன் போன் செய்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஏன்டா தம்பி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு முடிச்சிருக்கலாமுல்ல?" என்று மட்டும் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அண்ணி வாங்கிப் பேசினார்கள். மொய் எழுதுகிறவர், "அறிவுச்செல்வன், கறம்பக்குடி, பத்தாயிரம்" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற அண்ணி, "மேல எம்புட்டு ஆத்தா?" என்று இளவேனியிடம் கேட்டிருக்கிறார்கள். "அம்புட்டுத்தான் பெரியம்மா" என்றாளாம் உன் மகள். வரிசையில் நின்ற பத்துப் பேர் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் சிரித்திருக்கிறார். பிள்ளை ஒன்றும் தெரியாமல் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

நான் பன்னிரண்டாயிரம் அனுப்பினேன். மேலே இரண்டாயிரம் போடு என்று எழுத்தில் எழுதினேன். எழுதியதை இல்லை என்று சொல்ல முடியாது என்றாயே, இப்போது சொல். அந்த இரண்டாயிரத்தை எந்த டப்பாவில் போட்டாய்? நாலு சனி ஞாயிறு நின்றுகொண்டே துணி வெட்டிச் சம்பாதித்த பணம் அது. உனக்கு என் அண்ணனைப் பிடிக்காது என்பது கல்யாணமான முதல் மாதத்திலிருந்து தெரியும். அதற்காகப் பெற்ற பிள்ளையை அனுப்பி, அத்தனை பேர் முன்னால் எங்கள் உறவை அறுத்துவிட்டாயே. இவ்வளவு கெட்ட மனசு உனக்கு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இனி உன் கையில் ஒரு ரூபாய் தர மாட்டேன். ஆகஸ்டிலிருந்து வீட்டுப் பணத்தை அண்ணன் கணக்கில் போடுகிறேன். ஐந்தாம் தேதி அவர் வீட்டுக்குப் போய்க் கையை நீட்டி வாங்கிக்கொள். அங்கே உட்கார்ந்து எத்தனை தரம் வேண்டுமானாலும் எண்ணு.

அறிவுச்செல்வன்


கறம்பக்குடி
3 ஆகஸ்ட் 2025

உங்களுக்கு,

கடிதத்தைப் படித்தேன். ஆத்திரத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கவரில் இருபத்துநாலு ஐந்நூறு ரூபாய் நோட்டு. என் கையால் எண்ணி வைத்தேன். அதை இளவேனியின் கையில் கொடுத்து, "பெரியப்பா பேருக்கு அப்பா சார்பா எழுதிட்டு வா" என்று சொல்லி அனுப்பினேன். அவள் வந்ததும், "எழுதிட்டியா?" என்றேன். "எழுதிட்டேம்மா" என்றாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பன்னிரண்டு பத்தாக மாறியது உங்கள் அண்ணன் பந்தலில். ஆயிரம் பேர் வந்துபோகிற இடம். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது உங்கள் அண்ணியின் தம்பி. சின்னப் பிள்ளை தனியாக வந்ததைப் பார்த்துவிட்டு நாலு நோட்டை மடியில் செருகிக்கொண்டு, மிச்சத்தை எழுதியிருக்கிறார்கள். அதை மறைக்கத்தான் "மேல எம்புட்டு" என்று ஒரு கேள்வி.

இதை உங்களுக்கு எழுதுவதோடு நான் விடவில்லை. இன்றைக்குக் காலையில் நேரே போய் உங்கள் அண்ணன் வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டேன். ஆடிப்பெருக்கு, வீடு நிறைய விருந்தாளிகள். அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். "எம் மகள திருடியாக்கப் பாக்குறீங்களா? ஒங்க பெட்டியில எண்ணிப் பாருங்க" என்றேன். உங்கள் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். மடியில் கனமில்லாதவர் என்றால் நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்தாம் தேதி அந்த வீட்டுக்குப் போய்க் கையை நீட்டவா? என் பிள்ளைகள் கஞ்சி குடித்தாலும் குடிக்கும், அது நடக்காது.

அமுதவல்லி


கறம்பக்குடி
5 ஆகஸ்ட் 2025

இளவேனியின் அப்பாவுக்கு,

முந்தாநாள் எழுதியது உங்களுக்கு வந்திருக்கும். அதில் உங்கள் அண்ணனைப் பற்றியும் அண்ணியின் தம்பியைப் பற்றியும் எழுதியதெல்லாம் தப்பு. அவர்கள் பணம் எடுக்கவில்லை. இதை எழுதுவதற்குள் இரண்டு காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

நான் உங்கள் அண்ணன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்ததிலிருந்து இளவேனி சரியாகச் சாப்பிடவில்லை. இன்றைக்கு ஸ்கூல் விட்டு வந்ததும், தான் சந்தைக் கணக்கு எழுதும் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஏப்ரல் 6. அப்பா வாங்கியது 2000. ஆடியில் தருவதாகச் சொன்னாங்க. அம்மாவிடம் சொல்லக் கூடாது. ஜூலை 27. அப்பா பணத்தில் எடுத்துக்கொண்டது 2000. பாக்கி இல்லை."

"என்னடி இது?" என்றேன்.

"பெரியப்பா நமக்கு எழுதுனது பத்தாயிரந்தான்னு மொய் நோட்டுல பாத்தேன். நம்ம போன ரெண்டு விருந்துலயும் நீ வாங்குனத மட்டுந்தானம்மா எழுதுன. அப்ப கவர்ல கூட இருந்த ரெண்டாயிரம் அப்பாவோடதுதான? அப்பா எனக்குத் தரணும். ஆடியும் வந்துருச்சு. அதான் எடுத்துக்கிட்டேன். நான் திருடலம்மா, எழுதித்தான் வச்சிருக்கேன்."

மேலே போடுவதற்கு என்ன அர்த்தம் என்று நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள்? பதின்மூன்று வயதுப் பிள்ளை, தக்காளியிலும் வெங்காயத்திலும் அஞ்சும் பத்துமாக மிச்சம் பிடித்த பணம். அதில் கை வைக்க எப்படி மனசு வந்தது? அதோடு, "அம்மாகிட்ட சொல்லாத" என்று வேறு பழக்கிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நாலு மாதம் அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறைத்திருக்கிறது. நான் இரண்டு வருடமாகக் கட்டியதை நீங்கள் ஒரு நிமிடத்தில் கெடுத்துவிட்டீர்கள். உங்களை நான் இதற்கு மன்னிக்கவே மாட்டேன்.

சாயங்காலம் அந்த நாலு நோட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். உங்கள் அண்ணி செங்கமலம் அக்கா காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு படியை நான் ஏறியதில்லை. உங்கள் அண்ணன் பணத்தைத் தொடவில்லை. "நோட்டுல எழுதி ஏறிப்போச்சும்மா. ஏறுனத அடிச்சுத் திருத்துற பழக்கம் நம்ம பக்கம் இல்ல" என்றார். காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

அமுதவல்லி


திருப்பூர்
11 ஆகஸ்ட் 2025

அமுதவல்லிக்கு,

வாங்கினேன். இல்லை என்று சொல்லவில்லை. எதற்கு வாங்கினேன் என்பதையும் கேட்டுக்கொள்.

பங்குனியில் ஆர்டர் இல்லாமல் கம்பெனி இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. திருவிழாவுக்கு வரும்போது என் கையில் இருந்தது எட்டாயிரம். முந்தைய மாதமே குறைத்து அனுப்பியவன். மறுபடியும் எட்டைக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் வேறு உட்கார்ந்திருந்தார். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இளவேனியிடம் போய் நின்றேன். நான் கேட்டு முடிப்பதற்குள் அவளே உள்ளே ஓடிப் போய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அம்மா எண்ணுவாங்கப்பா, கரெக்டா இருக்கணும்" என்று அவள்தான் சொன்னாள்.

அந்த இரண்டாயிரத்தை நான் குடிக்கவில்லை. சீட்டாடவில்லை. என் எட்டோடு சேர்த்துப் பத்தாக உன் கையில்தான் கொடுத்தேன். அதைத்தான் நீ அண்ணன் முன்னால் இரண்டு தரம் எண்ணினாய். அந்த மாதம் நீ டப்பா டப்பாவாகப் பிரித்துப் போட்டதில் உன் மகளின் பணமும் இருந்தது. அவளும் அந்த டப்பாக்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தாளே, ஒரு வார்த்தை சொன்னாளா? ஏன் சொல்லவில்லை என்று யோசி. உன்னிடம் ஒன்று குறைகிறது என்று சொல்ல எனக்கும் தைரியமில்லை, அவளுக்கும் இல்லை. நான் செய்தது கேவலம். ஆனால் அந்த வீட்டில் இரண்டு பேர் உனக்குப் பயந்து ஒளித்து விளையாடுகிறோம் என்றால் அதில் உனக்கும் ஒரு பங்கு உண்டு.

வீட்டுப் பணத்தைத் தன் கணக்கில் வாங்கிக் கொடுக்க மாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். நமக்கும் அவருக்கும் இனி ஒன்றும் இல்லையாம். அதனால் இந்த மாதப் பத்தாயிரம் உன் கணக்குக்கே வந்துவிடும். நீ ஜெயித்துவிட்டாய்.

14ஆம் தேதி கண்ணன் சுதந்திர தின லீவுக்கு ஊருக்கு வருகிறான். அவனிடம் இளவேனி பேர் எழுதிய கவரில் இரண்டாயிரம் கொடுத்துவிடுகிறேன். அண்ணன் வாங்காத நாலு நோட்டை நீ வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள். இது நானே அவள் கையில் கொடுப்பதாக இருக்கட்டும். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இனி அவளுக்கும் எனக்கும் கணக்கு நேர். பிள்ளை காசைத் தின்றவன் என்று நீ இனிமேல் சொல்ல முடியாது.

அறிவுச்செல்வன்


கறம்பக்குடி
18 ஆகஸ்ட் 2025

இளவேனியின் அப்பாவுக்கு,

பத்தாயிரம் வந்தது. நான் ஜெயிக்கவில்லை. நேற்று நாலு மணிக்கு நம்பரைத் திறந்துவிட்டும் இளவேனி ஏன் போனுக்கு வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். "அக்கா தூங்குது" என்று நிலவழகன் சொன்னது பொய். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

கண்ணன் வியாழக்கிழமை சாயங்காலம் கவரைக் கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு. தன் பேருக்கு வந்த முதல் கவர். மெதுவாகக் கிழித்தாள். நாலு நோட்டையும் எடுத்து எண்ணினாள். பிறகு கவருக்குள் விரலை விட்டுத் துழாவினாள். தலைகீழாகத் தட்டிப் பார்த்தாள். ஒட்டியிருந்த ஓரங்களைப் பிரித்து, கவரை ஒரு காகிதமாக விரித்து உள்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பார்த்தாள். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"மேல ஒண்ணும் இல்லையாம்மா?" என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை. "ரெண்டாயிரந்தானடி குடுத்த? சரியா இருக்குல்ல?" என்றேன்.

"சரியாத்தான் இருக்கு" என்றாள். விரித்த கவரை மடித்துக்கொண்டே, "அப்பா என்னோட முடிச்சுக்கிட்டாங்களாம்மா?" என்று கேட்டாள்.

மூன்று வாரமாக இந்த ஊர் அவளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. கடைக்குப் போனால், குழாயடிக்குப் போனால், ஸ்கூல் வேனில், எல்லா இடத்திலும். வாங்கியதை மட்டும் திருப்பிக் கொடுத்தால் முடிந்தது என்று அர்த்தம், நீ போய் ஒன் பெரியப்பாவோட முடிச்சுட்டு வந்துட்டியே என்று. நான் சொல்லிக் கொடுக்காமல் விட்டதை எல்லோருமாகச் சேர்ந்து நன்றாகப் படியவைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் கவர் வந்தது. சரியாக நாலு நோட்டு, ஒரு வரி எழுத்து இல்லை.

இல்லடி, அப்பா அப்படி நினைக்க மாட்டாங்க என்று சொன்னேன். நான் உங்களுக்காகப் பேசி அவள் கேட்டதே இல்லை, அதனால் நம்பவில்லை. அந்த நாலு நோட்டை அவள் பவுடர் டப்பாவில் போடவில்லை. கிழிந்த கவரில் சுருட்டி அலமாரி மேல் வைத்திருக்கிறாள். சந்தைக்குப் போகிறாள், காய் வாங்குகிறாள், மிச்சத்தைக் கொண்டுவந்து என் டப்பாவிலேயே போட்டுவிடுகிறாள். ஏன் என்று கேட்டால், "எனக்கு எதுக்கு?" என்கிறாள். முந்தாநாள் அவளுக்குத் தெரியாமல் சந்தை நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். அவள் காட்டாமல் நானாகத் திறந்தது இதுவே முதல் தடவை. உங்கள் பேர் இருந்த பக்கத்தில் "ஆகஸ்ட் 14. அப்பா கொடுத்தது 2000" என்று எழுதியிருக்கிறாள். கணக்கு முடிந்தால் கீழே இரண்டு கோடு இழுப்பாள், நான்தான் பழக்கினேன். அந்தப் பக்கத்தில் கோடு இழுக்கவில்லை. அடியில் ஒரு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

நீங்கள் எழுதியதில் ஒன்று உண்மை. என்னிடம் குறைகிறது என்று சொல்ல அவளுக்குப் பயம். இந்த நாலு நாளாக எனக்கு அதே நினைப்புத்தான். உங்கள் மேல் இருக்கிற கோபத்தால் அது குறையவில்லை. ஐந்தாம் தேதி டப்பா பிரிக்கும்போது அவளிடம் நானே சொல்லுவேன், அந்த மாதம் உன் பணத்தில்தான் நாம் சாப்பிட்டோம் என்று.

உங்களுக்கும் எனக்கும் இடையில் எதையும் திறக்க நான் இதை எழுதவில்லை. நம் இரண்டு பேருக்கும் கணக்கு நேராகத்தான் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். மாதப் பணம் ஐந்தாம் தேதி வந்தால் போதும். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை, வந்தால் பேசவும் மாட்டேன். ஆனால் அவளுக்கு மேலே ஏதாவது போடுங்கள். பத்து ரூபாய் போதும். போனில் அனுப்பாதீர்கள், கண்ணனிடமும் கொடுத்துவிடாதீர்கள். நீங்களே வந்து அவள் கையில் கொடுக்க வேண்டும்.

ஷிப்மெண்ட் முடிந்துவிட்டது என்று கண்ணன் சொன்னார். இந்தச் சனிக்கிழமை கிளம்பினால் ஞாயிறு காலை இங்கே இருக்கலாம். பஸ்ஸுக்குக் கையில் இல்லையென்றால் கண்ணனிடம் வாங்கிக்கொண்டு வாருங்கள். நான் அவர் வீட்டில் கொடுத்துவிடுகிறேன். அதை நோட்டில் எழுத மாட்டேன்.

அமுதவல்லி